பச்சைத் தண்ணீர் கொடுக்காத அக்கா

எங்கள் தெருவில் அந்த அக்காவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "கட்டின புருஷனுக்குப் பச்சத் தண்ணி குடுக்காத பொம்பள." பால்காரர் சொன்னார், பூக் கட்டுகிற அம்மா சொன்னார், இஸ்திரிக்காரர் வண்டியை ஓரங்கட்டி வேலை மெனக்கெட்டுச் சொன்னார். சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த வீட்டுக்குள் பத்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்தவர் இல்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர்கள் மேல் மட்டும் கோபம் என்றால் ஊரைத் திட்டிவிட்டுப் படுத்துத் தூங்கலாம். உட்கார்ந்து பார்த்தவன் ஒருவன் இருந்தான். அது நான்தான்.

அந்த அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. உயிரோடு இருந்தவரை அந்தப் பெயரை மரியாதையாகச் சொல்லத் தெரியாத தெரு இது. நானும் "அக்கா" என்றுதான் கூப்பிட்டேன். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் எங்கள் எதிர்வீடு. ஐம்பத்தெட்டு வயது இருக்கும். நல்ல உயரம். பேச ஆரம்பித்தாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். உண்மையில் பாதி நேரம் சண்டைதான் போட்டுக்கொண்டிருப்பார்.

வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெங்களூர் வண்டி. ஓடி வருகிறவனைக் கண்ணாடியில் பார்த்து விசில் அடித்து நிறுத்துகிற நல்ல மனுஷன். எனக்காகவே எத்தனையோ முறை நிறுத்தியிருக்கிறார். சாப்பாட்டுப் பிரியர். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சு குழறியது. அதையெல்லாம் தெருவே பார்த்தது, பரிதாபப்பட்டது. கண்ணுக்குத் தெரியாமல் இன்னொன்றும் போயிருந்தது. அவரால் சரியாக விழுங்க முடியவில்லை.

முதலில் அக்காவுக்கே அது தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் ரசம் சோறு ஊட்டினார். இரண்டாவது வாயிலேயே கண்டக்டருக்குப் புரையேறியது. நம் ஊரில் புரையேறினால் என்ன செய்வோம்? உச்சந்தலையில் தட்டுவோம், "யாரோ நெனைக்கிறாங்க" என்போம், மடக் மடக்கென்று தண்ணீர் கொடுப்போம். அக்காவும் அதைத்தான் செய்தார். வேளைக்கு வேளை புரையேறியது. "பொண்ணுதான் நெனைக்குது, ஓசூர்ல உக்காந்துக்கினு அப்பா அப்பான்னு" என்று சிரித்துக்கொண்டே தலையைத் தட்டினார். பார்க்க வந்தவர்களும் ஆளுக்கு ஒரு தட்டுத் தட்டினார்கள். எட்டாவது நாள் காய்ச்சல், மூச்சிரைப்பு. திரும்ப ஆஸ்பத்திரி. குடித்த தண்ணீரெல்லாம் நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியா ஆகியிருந்தது.

"நானே தட்டித் தட்டிக் கொல்லப் பாத்தேன் தம்பி" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். சொன்னபோது அழவில்லை. கையிலிருந்த கரண்டியால் அடுப்பு மேடையை ஓங்கி அடித்தார்.

அந்த ஆஸ்பத்திரியில், பேச்சுப் பயிற்சியும் விழுங்கும் பயிற்சியும் கொடுக்கிற ஒரு பெண், காகிதத்தில் படம் போட்டு அக்காவுக்கு விளக்கியிருக்கிறாள். தொண்டையில் இரண்டு வழி. ஒன்று வயிற்றுக்கு, ஒன்று நுரையீரலுக்கு. நாம் விழுங்கும்போது நுரையீரல் வழியை ஒரு மூடி மூடிக்கொள்ளும். இவருக்கு அந்த மூடி தாமதமாக மூடுகிறது. கெட்டியாக இருப்பது மெதுவாக இறங்கும், மூடிக்கு நேரம் கிடைக்கும். தண்ணீர் அதற்குள் ஓடிவிடும். ஆகவே எதுவானாலும் தேன் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். தண்ணீரையும்தான். நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, ஒரு சின்ன ஸ்பூன். இரண்டு தடவை விழுங்க வேண்டும். பிறகு ஏதாவது பேசச் சொல்ல வேண்டும். குரல் கொழகொழவென்று, வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுவதுபோல வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

ஏதாவது பேசச் சொல்ல வேண்டும் என்றதும் அக்கா கண்டுபிடித்த வழியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு ஸ்பூன் ராகிக் கூழ். விழுங்கல். இன்னொரு விழுங்கல். "சொல்லு, எந்த ஸ்டாப்பு?" என்பார். கண்டக்டர் குழறலாக, "பாச்சல்" என்பார். அக்கா தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்பார். குரல் சுத்தமாக இருந்தால் அடுத்த ஸ்பூன். "செங்கம்." அடுத்தது. "சிங்காரப்பேட்டை." இப்படி ஊத்தங்கரை, மத்தூர், கிருஷ்ணகிரி என்று வண்டி போகும். ஒரு சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். நடுவில் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். குரலில் சளசளப்பு கேட்டால் ஸ்பூனைக் கீழே வைத்துவிடுவார், அது பாதிச் சாப்பாடாக இருந்தாலும் சரி.

"இன்னிக்கு ஊத்தங்கரையிலயே பிரேக் டவுன்" என்று வெளியே வந்து என்னிடம் சொல்வார். ஓசூர் வரைக்கும் போன நாளில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த முகத்தை எங்கள் தெருவில் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

தெரு பார்த்ததெல்லாம் வேறு. வாசலுக்கு வந்தவர்களை அக்கா விரட்டியதைப் பார்த்தது. கண்டக்டர் நாக்கைச் சப்புக்கொட்டி ஜாடையில் தண்ணீர் கேட்டதையும், அக்கா "கெடையாது" என்று சொன்னதையும் ஜன்னல் வழியாகப் பார்த்தது. வீட்டில் கடுகு தாளிக்கிற சத்தமே இல்லை என்பதைக்கூடக் கவனித்து, "எண்ணெ செலவாகிடும்னு பாக்கறா" என்று சொன்னது. சாப்பிட முடியாத மனுஷனுக்குத் தாளிப்பு வாசனை போகக் கூடாது என்று அவர் அதை நிறுத்தியிருந்தார். தானும் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுவார், அதுவும் நின்றுகொண்டு, மோர் சோறு. இது ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

பௌர்ணமி வந்தால் அக்காவுக்கு உயிர் போய் உயிர் வரும். எங்கள் சந்து கிரிவலப் பாதைக்குப் பக்கம். மலை சுற்ற வருகிற சொந்தக்காரர் அத்தனை பேரும் காலாற உட்காரவும், பாத்ரூம் போகவும், அப்படியே கண்டக்டரைப் பார்க்கவும் வருவார்கள். வெறுங்கையோடு யார் வருகிறார்கள்? ரோடு முழுக்க அன்னதானம். தொன்னையில் புளியோதரை, சுண்டல், வாளி வாளியாக நீர்மோர். கோயில் பிரசாதம் வேறு. எல்லாருக்கும் ஒரே ஆசைதான், தன் கையால் அவருக்கு ஒரு வாய்.

கண்டக்டரின் கூடப்பிறந்தவர், அதாவது அக்காவுக்கு நாத்தனார், ஒரு பௌர்ணமிக்குச் சர்க்கரைப் பொங்கலைக் கையில் உருட்டிக்கொண்டு கட்டிலை நோக்கிப் போனார். அக்கா குறுக்கே நின்றார்.

"சாமி பிரசாதம்டி. அண்ணாமலையார் சோறு. ஒண்ணும் ஆவாது."

"அண்ணாமலையாருக்குத் தெரியும், இவருக்குத் தொண்ட வேலை செய்யலன்னு. உங்களுக்குத்தான் தெரியல."

"என் தம்பி வாய்க்கு நான் குடுக்கக் கூடாதா?"

"குடுக்கற உங்களுக்குப் புண்ணியம், முழுங்கற இவருக்கு நிமோனியாவா? போங்க அந்தாண்ட."

நாத்தனார் தெருவில் இறங்கி நின்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகப் பேசினார். தெரு அவர் பக்கம்தான் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர், நாலு பெரிய மனுஷர்களோடு வந்து அக்காவுக்குப் புத்தி சொன்னார். தாகத்துக்குத் தண்ணி கேக்கறவனுக்கு இல்லன்னு சொல்றது மகா பாவம்மா, அதுவும் இந்த ஊர்ல, என்றார். அக்கா அவரைத் திரும்பிப் பார்த்து, "நீங்க கூடத்தான் தண்ணி கேக்கறீங்க ஜாஸ்தியா, அதுவும் சாயந்தரம் ஆனா. உங்க வீட்ல குடுக்கறாங்களா?" என்று கேட்டார். அந்தப் பெரிய மனுஷருக்குக் குடிப் பழக்கம் இருந்தது. அதற்குப் பிறகு அவர் அந்த வாசலுக்குப் புத்தி சொல்ல வரவில்லை.

அடுத்த நாள் அக்கா என் கடைக்கு வந்தார். டவுனில் எனக்கு ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன் கடை. வாசலில் மாட்ட ஒரு போர்டு வேண்டும் என்றார். நான் எனக்குத் தெரிந்த மரியாதையில் டைப் செய்தேன்: "அன்பான வேண்டுகோள். நோயாளிக்கு உணவோ நீரோ வழங்குவதைத் தயவுசெய்து தவிர்க்கவும். இப்படிக்கு, குடும்பத்தினர்."

படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா தம்பி இது, கல்யாணப் பத்திரிகையா? சுற்றமும் நட்பும் சூழ வருகன்னும் போட்டுடுங்களேன்."

"இல்லக்கா, கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும்னு…"

"மரியாதையா சொல்லிச் சொல்லித்தான், யார் யாரோ ஊத்தின மோர்ல இன்னும் ரெண்டு தடவ ஆஸ்பத்திரி போயாச்சு. நான் சொல்றத அடிங்க. இவருக்குத் தண்ணி குடுத்தா செத்துடுவாரு. குடுக்காதீங்க. அவ்ளோதான்."

நான்தான் டைப் செய்தேன். எழுத்தைப் பெரிதாக்கி, பிளாஸ்டிக் உறை போட்டு, ஓட்டை குத்தி, நூல்கூடக் கட்டிக் கொடுத்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. ஊரில் அந்த வாக்கியத்தை எழுத்து எழுத்தாகத் தட்டியவன் நான் ஒருவன்தான்.

பதினோரு மாதம் அக்கா அந்த வாசலைக் காத்தார். கண்டக்டருக்கு உடம்பு தேறியது. பிடித்துக்கொண்டு நான்கு அடி நடந்தார். அடுத்த பரிசோதனையில் தொண்டை தேறியிருந்தால் இன்னும் கொஞ்சம் இளக்கமாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று அந்தப் பயிற்சிப் பெண் சொல்லியிருந்தாள். அக்கா நாள் எண்ணிக்கொண்டிருந்தார். "இன்னும் பதினஞ்சு நாள் தம்பி. ரசம் குடிப்பாரு பாருங்க" என்றார்.

அது கத்திரி வெயில் நேரம். ரேஷன் கடையில் கைரேகை வைக்க அவரே போக வேண்டியிருந்தது. எப்போதும் மகள் வருகிற ஞாயிற்றுக்கிழமையில்தான் வெளி வேலை வைத்துக்கொள்வார். அந்த வாரம் மகள் வரவில்லை. நான் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன்.

"அரை மணி நேரம் உக்காருங்க தம்பி. உங்கள நம்பித்தான் போறேன். எது கேட்டாலும் குடுக்காதீங்க."

"எனக்குத் தெரியாதாக்கா? போய்ட்டு வாங்க."

கரண்ட் இல்லை. ஃபேன் நின்றிருந்தது. நான் என் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். அவருக்கு முன்னால் உட்கார்ந்து குடித்தேன், அந்த அளவு அறிவு எனக்கு. கண்டக்டர் பாட்டிலையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நல்ல கையை எடுத்து என் முழங்காலில் வைத்தார்.

"தம்பி. ஒரு வாய்."

வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. எனக்காக வண்டியை நிறுத்திய மனுஷன் என்று நினைத்தேன். அக்கா கொஞ்சம் ஓவராகத்தான் போகிறார் என்றும் நினைத்தேன். இதை மறைத்து என்ன ஆகப் போகிறது? தெரு பேசியது எனக்குள்ளும் எங்கோ ஊறியிருந்தது. அவர்கள் எல்லாரையும் விட நான் நல்லவன் என்று ஒரு நினைப்பு வேறு. நல்லவனாக இருக்க எனக்கு அரை டம்ளர் தண்ணீர்தான் ஆயிற்று.

குடித்தார். குடிக்கும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். உடனே புரையேறியது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, இருமி இருமி நின்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா? உச்சந்தலையில் தட்டினேன். "யாரோ நெனைக்கிறாங்க சார்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அக்கா வந்ததும் நேராகக் கட்டிலுக்குத்தான் போனார். "சொல்லு, எந்த ஸ்டாப்பு?" என்றார். கண்டக்டர் சொன்னார். குரல் கொழகொழவென்றிருந்தது. அக்கா திரும்பி என்னைக் கேட்டார்.

"தண்ணி குடுத்தீங்களா தம்பி?"

"இல்லியேக்கா."

"எச்சிலா இருக்கும்" என்று நானே சேர்த்தும் சொன்னேன். அக்கா கண்டக்டரை முன்பக்கம் சாய்த்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதே ஆட்டோ பிடித்திருப்பார். என் பொய்யை வைத்துக்கொண்டு ஒரு நாள் பார்த்தார். மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் ஏறியது.

ஆஸ்பத்திரிக்கு நானும்தான் போனேன், ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு, பெரிய உபகாரி மாதிரி. நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்த்த டாக்டர் கத்தினார். "யாரும்மா இவருக்குத் தண்ணி குடுத்தது? எத்தனை தடவ சொல்லியிருக்கோம்?"

"நான்தான் சார்" என்றார் அக்கா.

நான் பக்கத்திலேயே நின்றேன். பதினோரு மாதம் ஒருத்தரிடமும் ஒரு சொல் வாங்காதவர், வாசலில் அத்தனை பேர் முன்னாலும் எதிர்த்துப் பேசியவர், அந்த டாக்டர் திட்டியதையெல்லாம் குனிந்து கேட்டுக்கொண்டார். தான் ஊட்டியதில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துவிட்டார் போல என்று எண்ணினேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இன்றைக்கு நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆறாவது நாள் கண்டக்டர் போய்விட்டார்.

வீட்டு வாசலில் சாமியானா போட்டார்கள். தெருவே வந்தது. நாத்தனார் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஒரு வாய் தண்ணிக்குத் தவிச்சியே என் ராசா, தவிக்கத் தவிக்க அனுப்பிட்டாளே" என்று ஒப்பாரி வைத்தார். கேட்டவர்கள் அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் எழுந்து, இல்லை, அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தேன்.

குளிப்பாட்டிக் கிடத்திய பிறகு வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். நனைத்த பச்சரிசியை ஒரு தாம்பாளத்தில் வைத்திருந்தார்கள். எல்லாரும் வரிசையில் வந்தார்கள். பொங்கலோடு வந்து திரும்பிப் போனவர்கள், மோரோடு வந்தவர்கள், புத்தி சொல்ல வந்த பெரிய மனுஷர், பூக் கட்டுகிற அம்மா, ஒருத்தர் பாக்கியில்லை. தலைமாட்டில் அக்கா நின்றிருந்தார். அழவில்லை.

"போடுங்க" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. "நல்லா அள்ளிப் போடுங்க. ஆசப்பட்டீங்க இல்ல? இனிமே புரையேறாது."

வரிசை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு யாரோ முணுமுணுத்தார்கள், மறுபடி நகர்ந்தது. என் முறை வந்தது. அரிசியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். அக்கா என் பக்கம் சற்றுச் சாய்ந்தார். அவர் அவ்வளவு தணிந்த குரலில் பேசி நான் கேட்டதே இல்லை.

"நீங்க போட வேணாம் தம்பி. நீங்கதான் அன்னிக்கே குடுத்துட்டீங்களே."

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். என்னைப் பார்க்காமல் கண்டக்டரின் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். கத்தியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். ஊரையே திட்டிய மனுஷி என்னை ஏன் விட்டார் என்று இன்றுவரை எனக்குக் கோபம்தான் வருகிறது.

"போடுங்க சார், நேரமாவுது" என்றார் பின்னால் நின்றவர். அக்கா சொன்னது என்னைத் தவிர யாருக்கும் கேட்டிருக்காது. போடாமல் திரும்பினால் ஏன் என்று கேட்பார்கள்.

போட்டேன்.